ஃபெரிட்டின் சொல்லும் கணக்கு: உடலின் இரும்புச் சேமிப்பை அறியும் இரத்தப் பரிசோதனைகள்

2021ஆம் ஆண்டின் கோடையில், கொரோனா இரண்டாம் அலையின்போது, அதுவரை மருத்துவர்கள் மட்டுமே பயன்படுத்திவந்த சில சொற்கள் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வீடுகளின் அன்றாடப் பேச்சில் நுழைந்தன. சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின் ஆகியவை அவற்றுள் சில. ஃபெரிட்டின் எண் ஏறிவிட்டது என்று கேட்டாலே குடும்பம் முழுவதும் கலங்கிய நாள்கள் அவை. இன்று அதே பரிசோதனை, சோர்வு என்று வரும் பெண்களுக்கும் முடி கொட்டுகிறது என்று வரும் மாணவியருக்கும் எழுதித் தரப்படுகிறது. எண் இறங்கிவிட்டது என்பதே இப்போது கவலையாகிறது. ஏறினாலும் கவலை, இறங்கினாலும் கவலை என்றால் இப்பரிசோதனை எதைத்தான் அளக்கிறது என்று நோயாளிகளும் உறவினரும் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை காண, உடல் இரும்பை எவ்வாறு வரவு செலவு செய்கிறது என்பதைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் இருக்கும் இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம். ஒரு சிறிய ஆணியின் எடைதான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் அமர்ந்து மூச்சுக்காற்றின் உயிர்வளியை உடலெங்கும் சுமக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள். முதிர்ந்த அணுக்களை உடல் சிதைத்து, அவற்றின் இரும்பை மீண்டும் எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிப் புதிய அணுக்களை ஆக்குகிறது. இவ்வாறு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு சுழன்றுகொண்டே இருக்கிறது. உணவிலிருந்து நாள்தோறும் உள்ளே சேர்வதோ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. தோலும் குடலின் உட்சுவரும் உதிர்வதால் வெளியேறுவதும் அவ்வளவே. மிகுந்த இரும்பைக் கழித்து வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லை. ஆகவே இரும்பு குறைந்தால், பெரும்பாலும் இரத்தம் எங்கோ கசிகிறது, அல்லது தேவைக்கேற்ற வரவு இல்லை என்று பொருள்.

செலவு போக எஞ்சும் இரும்பைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் சேமித்துவைக்கும் புரதமே ஃபெரிட்டின். உள்ளீடற்ற பந்து போன்ற அதன் ஒரு மூலக்கூறுக்குள் 4,500 வரையிலான இரும்பு அணுக்கள் அடங்கும். செக் நாட்டு அறிஞர் விலெம் லௌஃப்பெர்கர் 1937இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அப்புரதத்தில் மிகச் சிறிதளவு இரத்தத்திலும் கலந்திருக்கிறது, அதை அளந்தால் சேமிப்பின் அளவை மதிப்பிடலாம் என்பது 1972இல்தான், பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த ஆய்வால் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு சேமிப்பை நேரடியாக அறிய வேண்டுமானால் எலும்புக்குள் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துச் சாயமிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கையில் ஒரு முறை ஊசி குத்துவதோடு அத்துன்பம் இப்போது முடிந்துவிடுகிறது.

நம் பகுதியில் வாழ்வோருக்கு இதை விளக்க ஏரியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 24 அடி. நாளேடுகளில் அந்நீர்மட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். 2019ஆம் ஆண்டு ஏரி வறண்டபோது நடந்தது என்ன? நீர்மட்டம் பல மாதங்களாக இறங்கிக்கொண்டே வந்தது. ஆயினும் குழாய்களில் நீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஏரியின் அடித்தளம் தெரியத் தொடங்கிய பின்னரே வீடுகளில் குடங்கள் வரிசையில் நின்றன. ஹீமோகுளோபின் என்பது குழாய் நீர். ஃபெரிட்டின் என்பது ஏரியின் மட்டம். சேமிப்பு ஏறக்குறைய முற்றிலும் கரைந்த பின்னரே ஹீமோகுளோபின் குறையத் தொடங்குகிறது.

செலையூரில் வசிக்கும் 34 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஹீமோகுளோபின் 12.1 கிராம். பெண்களுக்கு 12க்குக் கீழ் இருந்தால்தான் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆண்களுக்கு 13, கருவுற்ற பெண்களுக்கு 11. ஆகவே அவருக்கு இரத்தச்சோகை இல்லை. ஆனால் ஃபெரிட்டின் 9. ஃபெரிட்டினில் 1 நானோகிராம் என்பது ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிகிராம் சேமிப்புக்கு ஈடு என்பது மருத்துவர்களின் தோராயக் கணக்கு. அப்படியானால் அவரிடம் எஞ்சியிருப்பது 100 மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் தேவைப்படும் இரும்போ ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். குழாயில் நீர் வருகிறதே என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அடுத்த மகப்பேற்றின்போது என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகையோர் அரிதானவரும் அல்லர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். அவ்வாய்வு அளந்தது ஹீமோகுளோபினை மட்டுமே. சேமிப்பு கரைந்தும் சோகை நிலையை இன்னும் எட்டாதவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. படியேறினால் மூச்சுவாங்குதல், கவனம் நிலைகொள்ளாமை, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுதல், முடி உதிர்தல் ஆகியவை அவர்களிடமும் காணப்படலாம். இன்னோர் அறிகுறியைச் சொல்லப் பலர் கூச்சப்படுகின்றனர்: பச்சரிசி, பலப்பம், விபூதி, மண், பனிக்கட்டி போன்றவற்றைத் தின்னும் அடங்காத ஆசை. இது கெட்ட பழக்கம் என்று வீட்டில் அடக்கிவைக்கப்படுகிறது. உண்மையில் இரும்புக் குறைவின் பழமையான அடையாளங்களுள் இதுவும் ஒன்று. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர் வியப்படைய மாட்டார்.

இனி அறிக்கைத் தாளுக்கு வருவோம். எண்ணுக்கு அருகில் அச்சிடப்பட்டிருக்கும் 'இயல்பு அளவு' என்ற பகுதியே பலரைத் திசைதிருப்புகிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அது மாறுபடும். சிலவற்றில் பெண்களுக்கான கீழெல்லை 10 அல்லது 13 என்று இருக்கும். அதனால் 14 என்ற முடிவு தடித்த எழுத்தில் குறியிடப்படாமல், நலமாக இருப்பதுபோலத் தோற்றமளிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு 15க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவு உறுதி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 12. நடைமுறையில் பல மருத்துவர்கள் 30க்குக் கீழ் இருந்தாலே சேமிப்பு போதாது என்று கருதுகின்றனர். இரத்தச்சோகையும் சேர்ந்து இருக்குமானால் 45 என்ற எல்லையை அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020இல் பரிந்துரைத்தது. எண்ணைக் குறியிட்டிருக்கிறார்களா இல்லையா என்பதைக் கொண்டு மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள் என்பதற்காகவே இவற்றை விரித்துரைக்கிறோம். ஒரு அறிக்கையில் நானோகிராம் - மில்லிலிட்டர் என்றும் மற்றொன்றில் மைக்ரோகிராம் - லிட்டர் என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். இரண்டிலும் எண் ஒன்றே.

ஃபெரிட்டினோடு வேறு மூன்று வரிகளும் அச்சாகியிருக்கலாம். சீரம் இரும்பு, மொத்த இரும்புப் பிணைப்புத் திறன், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விழுக்காடு. டிரான்ஸ்ஃபெரின் என்பது இரும்பை ஏற்றிச்செல்லும் புரதம். தண்ணீர் லாரி என்று வைத்துக்கொள்ளலாம். சீரம் இரும்பு என்பது அந்த நேரத்தில் சாலையில் செல்லும் நீரின் அளவு. பிணைப்புத் திறன் என்பது லாரிகள் அனைத்தும் நிறைந்தால் எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு. நிறைவு விழுக்காடு என்பது லாரிகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்பது. ஏரி வற்றும்போது உடல் மேலும் பல லாரிகளை அனுப்பித் தேடுகிறது. ஆனால் ஒவ்வொன்றும் வெறுமையாகவே திரும்புகிறது. ஆதலால் இரும்புக் குறைவில் பிணைப்புத் திறன் உயர்ந்தும், நிறைவு 20 விழுக்காட்டுக்குக் கீழ் தாழ்ந்தும் காணப்படும். சீரம் இரும்பை மட்டும் தனியே பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. அது காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். முதல்நாள் விழுங்கிய மாத்திரையால்கூட உயரும். இதனாலேயே அப்பரிசோதனைக்குக் காலையில் வரச்சொல்லி, முந்தைய நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். ஃபெரிட்டினுக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை.

ஃபெரிட்டினுக்கு ஒரு பெரிய குறைபாடு உண்டு. தாம்பரத்துக்காரர்களாகிய நாம் அதை அறிந்துகொள்ளத் தனிக் காரணமும் உண்டு. இவ்வூரின் ஒரு பகுதிக்கும் இரயில் நிலையத்துக்கும் சானட்டோரியம் என்ற பெயரைத் தந்தது, 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக விளங்குகிறது. காசநோயாளிகள் பலருக்குச் சிகிச்சை தொடங்கும்போதே ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். ஆனால் அவர்களின் ஃபெரிட்டின் குறைவாக இருப்பதில்லை. பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும்.

காரணம் இதுதான். நோய்க்கிருமிகள் வளர இரும்பு வேண்டும். தொற்றோ அழற்சியோ தோன்றியவுடன் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் சுரப்பை மிகுதியாக்குகிறது. அது ஏரியின் மதகை அடைத்துவிடும் காவலரைப் போன்றது. சேமிப்பில் உள்ள இரும்பு வெளிவராது. குடலிலிருந்து புதிய இரும்பும் உள்ளே வராது. கிருமிக்கு இரும்பு மறுக்கப்படுகிறது. அதே வேளையில் எலும்பு மஜ்ஜைக்கும் மறுக்கப்படுகிறது. ஏரியில் நீர் இருந்தும் குழாய் வறள்கிறது. அத்துடன் அழற்சியே ஃபெரிட்டின் உற்பத்தியையும் தூண்டுகிறது. கொரோனா காலத்தில் அந்த எண் ஏறியதற்குப் பொருள் இதுவே. அங்கு அளக்கப்பட்டது இரும்பு அன்று, உடலுக்குள் எரிந்த அழற்சி. டெங்கு காய்ச்சலிலும், கல்லீரல் நோயிலும், அளவுக்கு மீறிய மதுப்பழக்கத்திலும் அவ்வாறே ஏறும்.

எனவே காய்ச்சலோடோ, மூட்டு வீக்கத்தோடோ, நாள்பட்ட தொற்றோடோ இருக்கும் ஒருவரின் ஃபெரிட்டின் 50 என்று வந்தால், அதை 50 என்றே நம்பிவிடக் கூடாது. அத்தகையோருக்கு 70க்குக் கீழ் இருந்தாலே இரும்புக் குறைவாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. இதனால்தான் ஃபெரிட்டினோடு சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனையையும் மருத்துவர் சேர்த்து எழுதுகிறார். செலவைக் கூட்டுவதற்காக அன்று. சாதாரணக் காய்ச்சல் என்றால் சில வாரம் பொறுத்துப் பரிசோதிப்பதே நல்லது. இதயச் செயலிழப்பு உடையவர்களுக்கு 100க்குக் கீழ் இருந்தாலே குறைவு. 100 முதல் 299 வரை இருந்தாலும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 20 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குறைவே. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு எல்லைகள் இன்னும் உயர்வானவை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு 40 என்ற அளவில் மருந்து தரவில்லை, எனக்கு 180 இருந்தும் இரும்பு ஊசி போடுகிறார்களே என்று ஐயுறும் சிறுநீரக நோயாளிகளுக்கு இதுவே விளக்கம்.

காசநோயாளிகளிடம் மேற்சொன்ன இரத்தச்சோகை, பெரும்பாலும் காசநோய் மருந்துகளாலேயே படிப்படியாகச் சீராகிறது. மதகு திறக்கப்படுவதற்கு முன் மாத்திரைகளைக் குவிப்பதில் பயன் சிறிது. இரும்பு தேவையா, எப்போது தேவை என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். உறவினர் பரிவோடு வாங்கித் தரும் டானிக் முடிவு செய்யலாகாது.

இரத்தச்சோகை என்றாலே இரும்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு இல்லை என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வில் சென்னைக்கும் பங்குண்டு. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், 1928இல் மும்பைக்கு வந்து, பஞ்சாலைப் பெண் தொழிலாளரைக் கர்ப்பகாலத்தில் வாட்டிய கடும் சோகையை ஆராய்ந்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இன் தொடக்கத்தில் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். முதியோர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அது. அச்சோகை, ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான உணவுப்பொருளால் குணமாவதை அவர் கண்டார். அதிலிருந்த மருந்துப் பொருள் ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெரியவந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்குத் தரும் சிவப்பு மாத்திரையிலும், பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது.

சிவப்பணுக்களின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற வரியை இங்கே கவனிக்க வேண்டும். அணுக்கள் பெரியவையாக இருந்தால் ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைந்திருக்கக்கூடும். சிறியவையாக இருந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம். அல்லது பெற்றோரிடமிருந்து வந்த தலசீமியா மரபுக்கூறாக இருக்கலாம். சிறிய அணுக்கள், ஆனால் நிறைந்த ஃபெரிட்டின் என்றால் இரண்டாவதை நினைக்க வேண்டும். அத்தகையோர் ஆண்டுக்கணக்கில் தேவையற்று இரும்பு மாத்திரை உண்பதுண்டு. திருமணத்துக்கு முன்போ கருவுறுவதற்கு முன்போ இதை அறிந்துகொள்வது, பிறக்கவிருக்கும் குழந்தையின் பொருட்டு மிக இன்றியமையாதது. கணவன் மனைவி இருவரிடமும் அக்கூறு இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரும் வாய்ப்பு உண்டு.

மிக வலியுறுத்திச் சொல்ல வேண்டியது இனிமேல் வருவது. ஃபெரிட்டின் குறைவு என்பது நோயின் பெயர் அன்று. ஏரி ஏன் வற்றியது என்ற கேள்வியின் தொடக்கம். இளம்பெண்களிடம் காரணம் பெரும்பாலும் மாதவிடாய்தான். 1 மில்லிலிட்டர் இரத்தத்தோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் 80 மில்லிலிட்டருக்கு மேல் என்றால் அது மிகை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பதையும், கட்டியாகப் போவதையும் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்று பொறுத்துக்கொள்பவர்கள் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு மண்ணில் நடப்போருக்குக் கொக்கிப்புழு காரணமாகலாம். இரத்ததானம் செய்வோர் ஒவ்வொரு முறையும் 150 மில்லிகிராமுக்கு மேல் இரும்பையும் சேர்த்தே வழங்குகிறார்கள். இரத்த வங்கியில் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், ஃபெரிட்டினை அல்ல. தொடர்ந்து தானம் செய்யும் அன்பர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதைப் பார்த்துக்கொள்வது நன்று.

ஆனால் ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால், இரத்தம் குடலின் எங்கோ ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறதா என்பதை ஆராய்ந்தே ஆக வேண்டும். மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் மாத்திரைகளால் உண்டான வயிற்றுப் புண், மூலம், குடற்புற்று ஆகிய எதுவாகவும் அது இருக்கலாம். 62 வயதுத் தந்தைக்கு மாத்திரை கொடுத்தோம், இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது, இனி எதற்கு எண்டோஸ்கோப்பி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஓட்டையை அடைக்காமல் ஏரியை நிரப்புவதே அது. குடற்புற்று தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. அதன் முதல் அடையாளம் சில வேளைகளில் இந்த ஒற்றை எண் மட்டுமே. எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி இரண்டையும் மருத்துவர் எழுதித் தந்தால் ஹீமோகுளோபின் ஏறியதைக் காரணமாகக் காட்டித் தள்ளிப்போட வேண்டாம்.

மாத்திரை உண்போருக்குச் சில சொற்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பேரீச்சையும் நல்லவையே. வரவைக் காக்க அவை உதவும். ஆனால் வற்றிய சேமிப்பை அவற்றால் மட்டும் நிரப்புவது கடினம், ஏனெனில் தாவர உணவின் இரும்பில் சிறு பகுதியையே குடல் ஏற்கிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் ஏற்பு கூடும். நம் வீட்டு ஃபில்டர் காபியும் தேநீரும் அதைப் பெரிதும் குறைக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் அவற்றைத் தவிர்க்கவும். பாலும் கால்சியம் மாத்திரையும் அவ்வாறே. ஒரு வேளை மாத்திரை உண்டதும் ஹெப்சிடின் உயர்ந்து மறுநாள் ஏற்பைக் குறைக்கிறது என்பதைச் சூரிச் நகர ஆய்வாளர்கள் காட்டினர். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் ஏற்கப்படும் பங்கு கூடுகிறது என்று 2017இல் அவர்கள் வெளியிட்டனர். வயிற்று எரிச்சலால் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் இம்முறை தமக்கு ஏற்றதா என்று மருத்துவரைக் கேட்கலாம். கர்ப்பிணிகள் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. மலம் கறுப்பது மாத்திரையால்தான், அஞ்ச வேண்டாம். மாத்திரை உண்ணாதவருக்குத் தார் போலக் கறுத்தால் உடனே வர வேண்டும்.

சானட்டோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கிவருவதால், நம் பகுதியில் பலர் சித்த மருந்துகளையும் உடன் உண்கிறார்கள். அயச் செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் இரும்பிலிருந்து ஆக்கப்படுபவை. எந்த மருத்துவரிடம் சென்றாலும் மற்றவர் தந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரு பக்கமும் இரும்பு சேர்வதை எவரும் அறியாமல் இருக்கக் கூடாது.

ஹீமோகுளோபின் சீரானதும் நிறுத்திவிடுவதே மிகப் பரவலான தவறு. குழாயில் நீர் வந்துவிட்டது, அவ்வளவே. ஏரி நிரம்ப மேலும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். நரம்பு வழியாக இரும்பு ஏற்றிக்கொண்டவர்கள் அடுத்த நான்கு வாரங்களுக்குள் ஃபெரிட்டின் பார்க்க வேண்டாம். அது பொய்யாக உயர்ந்து காட்டும். வரும்போது பழைய அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். 22 என்ற எண் தனித்துச் சொல்வதைவிட, சென்ற ஆண்டு 60 இருந்தது என்ற செய்தி மருத்துவருக்கு மிகுதியாகச் சொல்லும்.

மாத்திரைப் பட்டையை உணவு மேசையிலோ குளிர்பெட்டியின் மேலோ திறந்து வைக்காதீர்கள். மிட்டாய்போல வண்ணப் பூச்சுடைய இம்மாத்திரைகளில் சிலவற்றை ஒரு சிறு குழந்தை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றி, பின்னர் குழந்தை தேறிவிட்டதுபோலத் தெரியும். அத்தோற்றத்தை நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது. எத்தனை மாத்திரைகள் குறைந்திருக்கின்றன என்று எண்ணி, பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, 108ஐ அழைத்து உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.